வீட்டு மனைக்குள் நிற்கும் பழைய சிமெண்ட் மின்கம்பத்தை எப்படி அகற்றுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். தஞ்சாவூர் மாவட்டத்தில் உங்கள் மனையின் ஓரத்தில் ஒரு பழைய சிமெண்ட் மின்கம்பம் நிற்கிறது. கஜா புயலுக்குப் பிறகு சாலையோரமாகப் புதிய மின்பாதை போட்டுவிட்டதால், இப்போது இந்தப் பழைய கம்பத்தில் ஒரு தெருவிளக்குக் கம்பியும் பக்கத்து வீட்டுக்கான சர்வீஸ் ஒயரும் மட்டுமே போகின்றன. அடியில் சிமெண்ட் உதிர்ந்து உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி வெளியே தெரிகிறது. ஜே.சி.பி. வைத்திருக்கும் ஒருவர், அரை மணி நேரத்தில் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்கிறார்; அவரிடம் வேலையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கரண்ட் இல்லாத கம்பம் வெறும் சிமெண்ட் தூண்தானே, அதைச் சாய்ப்பதில் என்ன ஆபத்து என்பது ஒன்று. ஆபத்து உண்டென்றால் முறையாக அதை எப்படி எடுப்பார்கள் என்பது மற்றொன்று. மின்பாதை அமைப்பதையும் பழைய பாதைகளைக் கழற்றுவதையும் நெடுங்காலம் மேற்பார்வையிட்டு ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஜே.சி.பி.காரரிடம் மட்டும் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையைப் பார்ப்போம். நம் ஊரில் வீடுகளுக்கு மின்சாரம் தரும் தாழ்வழுத்தப் பாதையில் பொதுவாக மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், அவற்றோடு தெருவிளக்குக்கென்று தனியாக ஒரு கம்பி ஓடும். அந்தத் தெருவிளக்குக் கம்பி பகல் முழுவதும் செத்துக் கிடக்கும். காலை பத்து மணிக்கு எந்தக் கருவியை வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் காட்டாது. மாலையில் யாரோ சுவிட்சைப் போட்டாலோ டைமர் தானாக இயங்கினாலோ அதே கம்பியில் 230 வோல்ட் வந்து நிற்கும். வேலை மூன்று மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு இழுத்துக்கொண்டு போனால், தொடங்கியபோது இருந்த பாதுகாப்பு முடியும்போது இருக்காது. பக்கத்து வீட்டு சர்வீஸ் ஒயரோ எந்நேரமும் உயிரோடு இருப்பது. அதன் மேலுறை வெயிலில் வெடித்து, கிளாம்ப் இருக்கும் இடத்தில் உள்ளிருக்கும் அலுமினியம் தெரிவதை எத்தனையோ கம்பங்களில் பார்க்கலாம். நியூட்ரல்தானே என்று அலட்சியமாகத் தொடுவதும் தவறு. நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், வீடுகளில் ஓடும் மின்விசிறி, குளிர்பெட்டி வழியாக ஃபேஸின் அழுத்தம் முழுவதும் அந்த அறுந்த நியூட்ரலுக்கு வந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் ஓரளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள். கம்பத்தின் எடையையும் இழுவிசையையும் பற்றித்தான் தவறான கணக்கு அதிகம். ஊர்ப்புறத் தாழ்வழுத்தப் பாதைகளில் பெரும்பாலும் நிற்பவை முன்தகைவு கான்கிரீட் கம்பங்கள், பி.எஸ்.சி. போஸ்ட் என்பார்கள். 7.5 மீட்டர், 8 மீட்டர் நீளங்கள் தாழ்வழுத்தத்துக்கும், 9 மீட்டரும் அதற்குச் சற்று மேலும் உள்ளவை உயர்அழுத்தத்துக்கும் வழக்கம். இவற்றை '200 கிலோ கம்பம்', '300 கிலோ கம்பம்' என்று அழைப்பதைக் கேட்டுவிட்டு அதுவே எடை என்று கிரேன்காரர்கள்கூட நினைத்துக்கொள்கிறார்கள். அது எடை அல்ல. உச்சியிலிருந்து 60 சென்டிமீட்டர் கீழே, பக்கவாட்டில் எத்தனை கிலோ இழுவிசையை அந்தக் கம்பம் வழக்கமாகத் தாங்க வேண்டும் என்பதற்கான கணக்கு. கம்பத்தின் எடை வேறு. சிறிய கம்பமே கால் டன்னுக்குக் குறையாது, 9 மீட்டர்க் கம்பம் அரை டன்னை நெருங்கும். அதற்கும் பழைய காலத்துச் சாதாரண ஆர்.சி.சி. கம்பமாக இருந்தால் இன்னும் கனமாக இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் வெளியே தெரியும் எஃகு மெல்லியதாகவும் கம்பத்தின் குறுக்குவெட்டு நீள்சதுரமாகவும் இருப்பதால் பி.எஸ்.சி. என்றே நினைக்கிறேன், படத்தை மட்டும் வைத்து அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்தக் கம்பங்களின் உள்ளே இருப்பவை சாதாரண முறுக்குக் கம்பிகள் அல்ல. உயர் இழுவலிமை கொண்ட எஃகுக் கம்பிகளை அச்சின் இரு முனைகளிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு கான்கிரீட்டை ஊற்றி, அது இறுகிய பிறகே பிடியை விடுவார்கள். கம்பி சுருங்கப் பார்க்கும், கான்கிரீட் அதை விடாது. அந்த அழுத்தம்தான் கம்பத்துக்கு வலிமை. இதனால் குறைந்த எடையில் நல்ல வலிமை கிடைக்கிறது, ஆனால் முறியும்போது பெரிதாக வளைந்து எச்சரிக்கை கொடுக்காமல் சட்டென்று முறியும். இன்னொன்றும் உண்டு. நீள்சதுரக் குறுக்குவெட்டு என்பதால் ஒரு திசையில் வலுவாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் மிகப் பலவீனமாகவும் இருக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளுவதைத் தாங்கும்படி வலுவான திசை பாதைக்குக் குறுக்காக இருக்குமாறு நடுவார்கள். ஜே.சி.பி. பக்கெட்டால் தள்ளுகிறவர் எந்தத் திசை என்று பார்ப்பதில்லை, தனக்கு வண்டி நிறுத்த எங்கே வசதியோ அங்கிருந்து தள்ளுவார். பலவீனமான திசையில் தள்ளினால் கம்பம் வேரோடு வருவதற்குப் பதிலாகத் தரைமட்டத்தில் ஒடிந்து, பக்கெட்டின் மேல் புரண்டு, ஓட்டுநர் இருக்கைப் பக்கமே விழக்கூடும்.

இனி, இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சுகிற இடத்துக்கு வருகிறேன். பழைய கம்பம் ஒன்று நேராக நிற்கிறது என்பதற்காக அது தன் காலில் நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பந்தலில் ஒரு கால் அடியில் இற்றுப்போனாலும் நாலா பக்கமும் கட்டிய கயிறு அதைப் பிடித்து நிறுத்தியிருப்பதுபோல, இரு பக்கமும் போகும் மின்கம்பிகளும், கம்பத்தைச் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியும் சேர்ந்து அடி செத்த கம்பத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும். இரு பக்க இழுவிசையும் சமமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு பக்கத்துக் கம்பியை மட்டும் வெட்டிய நொடியில் மறுபக்கத்தின் இழுவிசை முழுவதும் அடிப்பகுதிக்கு வந்து சேரும். இறுக்கமாகக் கட்டிய ஒரே ஒரு மின்கம்பிகூட, அந்தக் கம்பம் புதிதாக இருந்தபோது தாங்க வேண்டிய 200 கிலோவைத் தாண்டி இழுக்கக்கூடும். அந்த நேரத்தில் ஒரு ஆள் மேலே ஏறி, இடுப்பில் பெல்ட் கயிற்றால் கம்பத்தோடு தன்னைக் கட்டிக்கொண்டிருந்தால், கம்பம் சாயும்போது அவர் குதித்துத் தப்பக்கூட வழியில்லை, கம்பத்தோடுதான் போவார். லைன் வேலையில் நடந்த மரணங்கள் எல்லாம் ஷாக்கினால் நடந்தவை என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கம்பம் முறிந்து நடந்தவையும் உண்டு. எனவே அடியில் கம்பி தெரிகிற கம்பத்தில் யாரும் ஏறக் கூடாது, ஏணியும் சாய்க்கக் கூடாது; கூடை வைத்த ஏற்றவண்டியிலிருந்தோ, பக்கத்தில் நிற்கும் நல்ல கம்பத்திலிருந்தோதான் மேல்வேலை செய்ய வேண்டும். அல்லது பழைய கம்பத்தைக் கிரேனில் பிடித்து நிறுத்திய பிறகு கம்பிகளைத் தொட வேண்டும்.

கம்பத்தின் நிலையை எப்படிக் கணிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில அடையாளங்கள் உறுதியானவை. கம்பத்தின் நீளவாக்கில், உள்ளே எஃகு ஓடும் கோட்டிலேயே விரிசல் விட்டு அதன் ஓரத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தால், உள்ளே துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது என்று பொருள்; நாகை, வேதாரண்யம் போன்ற உப்புக் காற்றுப் பகுதிகளில் இது சீக்கிரம் வரும். குறுக்குவாக்கில் ஒரு விரிசல் எப்போதும் திறந்தே இருந்தாலும் அது கெட்ட அடையாளம்தான். முன்தகைவு சரியாக இருக்கும் கம்பத்தில் பாரம் நீங்கினால் அப்படிப்பட்ட விரிசல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நிற்கிறதென்றால் எஃகின் பிடி போய்விட்டது. சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்பதை நான் அவ்வளவு நம்ப மாட்டேன். மந்தமான ஓசை கோளாறைக் காட்டும், ஆனால் தெளிவான ஓசை நலத்தைக் காட்டாது. வயதும் அப்படித்தான். நன்றாக வார்த்த பழைய கம்பம் கல்லுப்போல நிற்பதையும், அதைவிடப் புதிய கம்பம் உதிர்வதையும் ஒரே தெருவில் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிக விசை விழும் இடம் தரைமட்டமும் அதற்குச் சற்றுக் கீழும். அது மண்ணுக்குள் இருப்பதால் ஒரு முழம் ஆழம் மெதுவாகத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு முழத்தைக்கூட, கம்பத்தை மேலே பிடித்துக்கொள்ளாமல் தோண்டக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் இக்கட்டு.

முறையான வேலை லைன் கிளியர் வாங்குவதில் தொடங்கும். எந்தப் பாதை, எங்கிருந்து எங்கே வரை, எந்நேரத்திலிருந்து எந்நேரம் வரை நிறுத்தப்படுகிறது என்று எழுதி, கொடுத்தவரும் வாங்கியவரும் பொறுப்பேற்கும் அனுமதி அது. தொலைபேசியில் 'ஆஃப் பண்ணிட்டேன்' என்று சொல்வது லைன் கிளியர் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரில் உயர்அழுத்தப் பக்கத்தைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, தாழ்வழுத்தப் பக்கத்து பியூஸ்களை எடுத்து, அவற்றை வேலை செய்கிறவர் தன் வசம் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பிறகு மின்னழுத்தம் இல்லை என்பதை அதற்குரிய கருவியால் சோதித்து, வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு போட்டு, எல்லாக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துத் தரையோடு சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எர்த் போட்டால் போதாது; மறுபக்கத்தில் ஏதோ ஒரு கடைக்காரரின் ஜெனரேட்டர், பாதையைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கப்பட்டிருந்தால், மின்சாரம் வீட்டிலிருந்து பாதைக்குத் திரும்பி வரும். கிரேனின் கை நீளும் எல்லைக்குள் வேறு பாதை போனால் அதற்கும் லைன் கிளியர் வேண்டும். உங்கள் படத்தில் சாலைக்கு அப்பால் உயர்அழுத்தப் பாதை ஒன்று தெரிகிறது. ஆட்கள் வரும்போது அதைக் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள்.

அடுத்தது கம்பிகளை இறக்குவது. பக்கத்து வீட்டு சர்வீஸ் ஒயரைப் புதிய கம்பத்துக்கு மாற்றிக் கட்டிய பிறகே பழைய கம்பத்தில் கை வைக்க வேண்டும். கேபிள் டி.வி. ஒயரும் இணையக் கேபிளும் அற்பமானவை என்று விட்டுவிடுவார்கள். கம்பம் விழும்போது அவைதாம் அடுத்த வீட்டுக் கைப்பிடிச் சுவரையும் அடுத்த கம்பத்தையும் சேர்த்து இழுக்கும். மின்கம்பிகளை இன்சுலேட்டரிலிருந்து பைண்டிங் அவிழ்த்து, கயிற்றில் கட்டி மெதுவாகத் தளர்த்தி, இரு பக்கமும் மாறி மாறி இறக்க வேண்டும். இறுகிய நிலையில் கட்டரால் வெட்டினால் அறுந்த முனை சுருண்டு அடிக்கும். பாதையின் கடைசிக் கம்பமாக இருந்தால் ஸ்டே கம்பியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். கழற்றும் முன் பக்கத்துக் கம்பங்களுக்கும் தற்காலிக ஸ்டே தேவையா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் நடுவில் ஒன்றை எடுத்தால் அதன் இரு புறமும் இருப்பவை கடைக்கம்பங்களாகிவிடும்.

குழி வேலைக்கு வருவோம். நடும்போது பொதுவாக நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும், 7.5 மீட்டர்க் கம்பத்துக்கு அது சுமார் 1.25 மீட்டர், 9 மீட்டருக்கு 1.5 மீட்டர். பழைய கம்பத்தில் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டும் மனைக்கு மண் அடித்தும் தரை உயர்ந்திருந்தால் இன்னும் ஆழமாக இருக்கும். பக்கத்தில் சாக்கடைக்காகத் தோண்டியிருந்தால் ஒரு பக்கப் பிடிப்பே இல்லாமலும் இருக்கலாம். கம்பத்தின் பாதி நீளத்துக்கு மேலே, எடைமையத்தைவிட உயரத்தில் பெல்ட் சிலிங்கை (பாரம் தூக்கும் பட்டையை) சுற்றி, நழுவாதபடி முடிச்சிட்டு, கிரேனின் கொக்கியில் லேசான இழுப்பு வரும் அளவுக்கு மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே சுற்றிலும் தோண்டி, அடியில் போட்ட காரை உடைத்து, கம்பத்தைத் தளர்த்த வேண்டும். தோண்டாமல் நேராகப் பிடுங்கலாமே என்பார்கள். மண்ணின் பிடிப்பும் அடிக்காரையும் சேர்ந்து கம்பத்தின் எடையைப் போலப் பல மடங்கு எதிர்விசை தரலாம். அது திடீரென விடுபட்டால் கிரேனின் கை துள்ளும், அல்லது இற்றுப்போன கம்பம் நடுவில் இரண்டாகும். நம் ஊரில் பெரும்பாலும் வருவது ஹைட்ரா வண்டி, பாரத்தைத் தூக்கிக்கொண்டே நகரக்கூடிய சக்கரக் கிரேன். கம்பத்தைத் தொங்கவிட்டபடியே அது தெருவில் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். கம்பத்தை எடுத்த இடத்திலேயே கிடத்திவிட்டு, லாரிக்கு மாற்றும்போது இரு இடங்களில் சிலிங் கட்டி, வலுவான முகம் மேலும் கீழுமாக வரும்படி நிறுத்தித் தூக்க வேண்டும். தொங்கும் கம்பத்தைக் கையால் பிடித்துத் திருப்பாமல், அடியில் கட்டிய கயிற்றால் தூரத்திலிருந்து திருப்ப வேண்டும். கம்பம் விழக்கூடிய தூரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குள் வேலையாட்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. கம்பிகள் இன்னும் கிடக்கும் நேரத்தில் அவை ஓடும் நீளம் முழுவதும் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடி வருவது இந்த இடத்துக்குத்தான்.

தரைமட்டத்தில் மெஷினால் அறுத்துவிட்டு அடியை மண்ணிலேயே விடலாமா என்றால், பக்கத்தில் குடிநீர்க் குழாயோ நிலத்தடிக் கேபிளோ போய்த் தோண்ட முடியாத இடத்தில் அப்படிச் செய்வதுண்டு. அங்கும் கிரேன் பிடிப்பு முதலில் வேண்டும். எஃகுக் கம்பிகள் இழுவிசையில் இருப்பதால் அறுபடும்போது சில்லுகள் தெறிக்கும், கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் நிற்கக் கூடாது. மிச்சத்தைத் தரைக்குக் கீழே ஒரு அடியாவது அறுத்து மூடாவிட்டால் அந்த எஃகு முனைகள் பிறகு யாருடைய காலையோ டயரையோ கிழிக்கும். உங்கள் மனையில் இதற்கு அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை.

யாரிடம் போவது? கம்பம் உங்கள் நிலத்தில் நின்றாலும் உங்களுடையது அல்ல. முன்பு டான்ஜெட்கோவாக இருந்து 2024 முதல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமாக ஆகியுள்ள நிறுவனத்தின் சொத்து அது. மின் விநியோகப் பொருளை அலட்சியத்தால் உடைப்பதும் சாய்ப்பதும் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 139-ஆம் பிரிவின்படி அபராதத்துக்குரிய குற்றம். எனவே பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் மனு கொடுங்கள். மனுவை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் செலவு அடங்கியிருக்கிறது. வீடு கட்ட இடைஞ்சலாக இருக்கிறது என்று எழுதினால், கேட்பவர் செலவில் மாற்றித் தரும் டி.சி.டபிள்யூ. முறையில் மதிப்பீடு போட்டுப் பணம் கட்டச் சொல்வார்கள்; அதில் தவறில்லை. பழுதடைந்த அபாயகரமான கம்பத்தை அகற்றுவதோ மாற்றுவதோ நிறுவனத்தின் கடமை. உங்கள் கம்பம் இரண்டாவது வகை என்பதே என் கருத்து. இறுதி முடிவு நேரில் பார்க்கும் பொறியாளருடையது. கம்பத்தின் எண், டிரான்ஸ்ஃபார்மரின் பெயர், அடிப்பகுதியை அருகில் எடுத்த படம், புதிய பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்ற தகவல் ஆகியவற்றைச் சேர்த்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். மின்னகம் எண்ணான 94987 94987-இலும் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் உதவிச் செயற்பொறியாளர், செயற்பொறியாளர் என்று மேலே போகலாம்; வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் போவது நல்லது, ஏனெனில் மண் ஊறிய பிறகு கிரேன் நிறுத்தவும் இடம் கிடைக்காது, ஆட்களும் கிடைக்க மாட்டார்கள்.

எடுத்த கம்பத்தை வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்தில் யாராவது கேட்பார்கள். டெல்டாவில் இந்தப் பழக்கம் அதிகம். கம்பம் கணக்கில் திரும்ப வேண்டிய பொருள் என்பது ஒருபுறம் இருக்க, படுக்கப் போட்டால் பலவீனமான முகத்தின் மேல்தான் எடை விழும். அடி செத்த கம்பத்தில் மாடு நடந்தாலே போதும்.

அதுவரை அந்தக் கம்பத்தில் துணிக்கொடி கட்டாதீர்கள், ஆடு மாடு கட்டாதீர்கள், அடியில் சிமெண்ட் பூசி மறைக்கவும் வேண்டாம். பூச்சு வலிமை தராது, பார்க்க வருகிறவருக்குப் பழுதையும் காட்டாது. கம்பம் சாயத் தொடங்கினாலோ கம்பி அறுந்து கிடந்தாலோ அருகில் போகாமல், மற்றவர்களையும் தடுத்து, பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாளில் உங்கள் பங்கு சிறியது. வீட்டு மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, பக்கத்து வீட்டாரிடமும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர் அந்தத் தெருவில் யார் என்பது வரும் ஆட்களைவிட உங்களுக்குத்தான் தெரியும், அதை அவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ஃபோர்மேனிடம் சொல்லிவிடுங்கள்.